மண்டியாக் கரும்பும் மூவர் கூட்டும்

மைசூரிலிருந்து பெங்களூருக்கு இரயிலேறும் நம் மாணவ நண்பர்களுள் பெரும்பாலோர் சீரங்கப்பட்டணம் வரையில் சன்னலோரம் கண்விழித்திருப்பர். திப்புவின் கோட்டை மறைந்ததும் உறங்கிவிடுவர். அடுத்து வரும் பாண்டவபுரத்திலும் மண்டியாவிலும் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். பொருளாதாரம் பயிலும் எனக்கோ அந்த இரண்டு நிலையங்களுமே பாடநூலின் இரண்டு பக்கங்களாகத் தோன்றுகின்றன. அப்பக்கங்களில் எழுதியிருப்பதை என்னால் இயன்றவரை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஆப்பிரிக்க நாடுகளின் வேளாண்மையைப் பற்றி இன்று எழுதப்படும் அறிக்கைகளைப் படிப்போர் ஒரு சொற்றொடரை மீண்டும் மீண்டும் காண்பர். 'அரசு தனியார் கூட்டு' என்பதே அது. 2003 இல் மபூட்டோ நகரில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்கள் தத்தம் வரவு செலவுத் திட்டத்தில் பத்தில் ஒரு பங்கை வேளாண்மைக்கு ஒதுக்குவதென உறுதி கூறினர். பல நாடுகளில் அந்த உறுதி நிறைவேறவில்லை. அரசாங்கத்தின் பணம் போதாத இடத்தில் கம்பெனிகளின் பணம் வரட்டும் என்ற எண்ணம் வலுத்தது. 2010 இல் தான்சானியா தன் தென்பகுதியில் ஒரு வேளாண் வளர்ச்சி வழித்தடத்தை அறிவித்தது. 2012 இல் எட்டு வல்லரசு நாடுகள் கூடி ஆப்பிரிக்க உணவுப் பாதுகாப்புக்கெனப் 'புதிய கூட்டணி' ஒன்றைத் தொடங்கின. அரசாங்கம் நிலமும் நீரும் சாலையும் தரும், கம்பெனி ஆலையும் விதையும் சந்தையும் தரும், நாடு செழிக்கும். சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

நம் மானசகங்கோத்திரியில் ஆப்பிரிக்க மாணவர் பலர் பயில்கின்றனர். செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு 1960களிலிருந்தே ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்க்குப் பயிற்சி அளித்து வந்திருக்கின்றனர். அந்த நண்பர்களுடன் பேசும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். புதுமை என்று அவர்கள் நாட்டில் பேசப்படுவதை இந்த மைசூர்ச் சீமை ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறது. அதன் வரவும் செலவும் நம் கண் முன்னே இருக்கின்றன.

முதலில் தண்ணீர். கண்ணம்பாடி அணையைக் கட்டத் தொடங்கியது 1911 இல். கட்டி முடிந்தது 1930களின் தொடக்கத்தில். 49 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அந்த அணையைப் பற்றி மைசூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1924 இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி கண்ணம்பாடி நீரால் மைசூர் புதிதாக 1,25,000 ஏக்கர் பாசனம் பெறலாம். மேட்டூர் நீரால் சென்னை 3,01,000 ஏக்கர் பெறலாம். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இங்கு வந்து பயிலும் நமக்கு இந்த எண்கள் வெறும் எண்களல்ல என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. மண்டியாவில் ஓர் ஏக்கரில் எந்தப் பயிர் நிற்கிறது என்பது கல்லணைக்குக் கீழுள்ளவனையும் தொடும் செய்தி. ஆனால் அது தனிக் கட்டுரைக்குரியது, இங்கே விடுகிறேன்.

அணையிலிருந்து மண்டியாப் பக்கம் நீரைக் கொண்டு செல்ல ஒரு பெருங்கால்வாய் வெட்டப்பட்டது. அந்நாளைய வைசிராயின் பெயரால் இர்வின் கால்வாய் எனப்பட்டது. இன்று விசுவேசுவரய்யா கால்வாய் என வழங்குகிறது. அதுவரையில் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம் அது. அணைக்கும் கால்வாய்க்கும் அரசாங்கம் பெரும்பணம் போட்டுவிட்டது. போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் நீருக்கு நல்ல தீர்வை கொடுக்கவல்ல பயிர் வேண்டும். கேழ்வரகு அதைக் கொடுக்காது. நெல்லும் அவ்வளவாகக் கொடுக்காது. கரும்பு கொடுக்கும். ஆனால் கரும்பை வாங்க யார் இருக்கிறார்கள்? இங்கேதான் கதை தொடங்குகிறது.

அது உலகப் பெருமந்தக் காலம். விளைபொருள் விலையெல்லாம் சரிந்து கிடந்தது. நம் நாட்டுச் சந்தையில் சாவகத்துச் சர்க்கரை மலிந்திருந்தது. 1932 இல் இந்திய அரசாங்கம் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்பு வரி விதித்தது. அதன் விளைவு வியப்பானது. 1931-32 இல் இந்தியாவில் 32 சர்க்கரை ஆலைகள் இருந்தன. ஐந்தாண்டுகளில் அவை 137 ஆயின. இவற்றுள் பெரும்பாலானவை வடநாட்டில், ஏற்கனவே கரும்பு மண்டிக் கிடந்த கங்கைச் சமவெளியில் எழுந்தவை. தனியார் முதல் அங்கே ஓடியது இயல்பு. கரும்பே இல்லாத மண்டியாவுக்கு எந்த முதலாளி வருவான்? ஆலை இல்லையேல் கரும்பு நடுவோர் இல்லை; கரும்பு இல்லையேல் ஆலை வைப்போர் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு மூன்றாவது கை தேவைப்பட்டது.

அந்தக் கைக்குரியவராக மைசூர் வரலாற்றில் குறிக்கப்படுபவர் லெஸ்லி கோல்மன் என்ற கனடா நாட்டவர். பயிர்ப் பூச்சிகளையும் பூஞ்சண நோய்களையும் ஆராய 1908 இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தவர். பின்னர் வேளாண்மைத் துறையின் இயக்குநரானார். மலைநாட்டுப் பாக்கு மரங்களை அழித்த கொளெரோக நோய்க்கு மருந்து தெளிக்கும் முறையைப் பரப்பியவரும் இவரே. கால்வாய்ப் பகுதியில் கரும்பு விளையும், ஆலை நடக்கும் என்று இவர் வாதாடினார். திவான் மிர்சா இஸ்மாயில் அதற்குச் செவி சாய்த்தார். 1933 இல் மைசூர்ச் சர்க்கரைக் கம்பெனி பதிவாயிற்று. மண்டியாவில் ஆலை எழுந்தது. அரசாங்கமும் பங்கு எடுத்தது, பொதுமக்களும் எடுத்தனர், உழவர்களும் எடுத்தனர். முழுக்க அரசாங்கத்துடையதும் அன்று, முழுக்கத் தனியாருடையதும் அன்று. 1930களில் மிர்சா இஸ்மாயில் காகிதத்துக்கும் உரத்துக்கும் கையாண்ட வழியும் இத்தகையதே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இதே மைசூர் அரசாங்கம் 1916 இல் சந்தன எண்ணெய் ஆலையையும் 1918 இல் சவர்க்கார ஆலையையும் யாரோடும் கூட்டுச் சேராமல் தானே நடத்தியது. ஏன்? சந்தன மரம் அரசாங்கத்தின் உடைமை. மூலப்பொருள் தன் கையிலேயே இருந்தபடியால் யாருடைய தயவும் தேவைப்படவில்லை. கரும்போ பல்லாயிரம் உழவரின் ஒன்றரை ஏக்கரிலும் இரண்டு ஏக்கரிலும் நிற்பது. அவர்களைக் கேட்காமல் ஆலையின் சக்கரம் சுற்றாது. ஆகையால் 'அரசு தனியார் கூட்டு' என்ற சொற்றொடரே குறையுடையது என்பது என் கருத்து. அதில் இருவர் பெயர் இருக்கிறது. மூன்றாமவர் பெயர் இல்லை. அந்த மூன்றாமவர்தாம் உழவர்.

நிற்க. இந்தக் கூட்டில் உழவர் நிலை எத்தகையது என்பதை அறியக் கரும்பின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். வேதியியல் மாணவர்கள் பொறுத்தருள்க.

நெல்லை அறுத்தால் பத்தாயத்தில் போட்டு வைக்கலாம். விலை ஏறும் வரையில் காத்திருக்கலாம். கரும்பு அப்படியன்று. வெட்டிய கணத்திலிருந்தே அதிலுள்ள சர்க்கரை சிதையத் தொடங்குகிறது. கட்டியாக உறையும் சர்க்கரை, உறையாத வகைச் சர்க்கரையாக மாறுகிறது. வெயிலில் கழியின் ஈரமும் வற்றி எடை குறைகிறது. வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட்டால் நலம். மூன்று நான்கு நாள் கிடந்தால் நட்டம் கண்கூடு. நூறு டன் கரும்பில் கிடைக்கும் சர்க்கரை ஏறத்தாழ பத்து டன். மற்றவை நீரும் சக்கையும் கழிவுப்பாகுமே. ஆகவே கரும்பைத் தொலைவுக்குக் கொண்டு செல்லக் கட்டுபடியாகாது. அருகிலுள்ள ஒரே ஆலைதான் உழவனுக்குச் சந்தை. ஆலைக்கும் இதே போன்ற கட்டு உண்டு. அரவை தொடங்கிவிட்டால் கொதிகலன் இரவு பகல் ஓயக்கூடாது. நாள்தோறும் தவறாமல் கரும்பு வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் எந்த வயல் எந்த நாளில் வெட்டப்பட வேண்டும் என்பதற்கு ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கிறது.

ஒருவரை ஒருவர் நம்பியே இருவரும் வாழ வேண்டும் என்று இதைச் சொல்லலாம். ஆனால் நம்பியிருப்பதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆலை ஒரு நாள் நின்றால் முதலாளிக்கு ஒரு நாள் வருமானம் குறையும். வெட்டு உத்தரவு ஒரு மாதம் தள்ளினால் உழவனுக்கு ஓராண்டு உழைப்பு கரைந்துபோகும். அடுத்த பயிருக்கு நிலமும் ஒழியாது. யாரால் அதிக நாள் காத்திருக்க முடிகிறதோ அவர் சொல்லே ஒப்பந்தத்தில் நிற்கும். பொருளாதார நூல்களில் பேரத்திறன் என்று நான்கு பக்கம் எழுதியிருப்பதன் சாரம் இதுதான்.

சென்ற அரவைப் பருவத்தில் நானும் இரு நண்பர்களும் ஓர் ஆலை வாயிலில் சிறிது நேரம் நின்றிருந்தோம். எந்த ஆலை என்பது இங்கு வேண்டா. டிராக்டர்களும் மாட்டு வண்டிகளுமாக வரிசை சாலை வரையில் நீண்டிருந்தது. வண்டியின் நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டேன். "நேற்று மாலையிலிருந்து, தம்பி. நான் நிற்கலாம், கரும்பு நிற்காதே" என்றார். பிறகு எடைமேடையைக் காட்டி, "அது அவர்களுடையது. சர்க்கரை எத்தனை என்று பார்க்கும் கணக்கும் அவர்களுடையது. நாங்கள் சீட்டை வாங்கிக்கொண்டு போவோம்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. வானிலையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

சட்டம் உழவனைக் கைவிட்டுவிட்டது என்று கூறுவதற்கில்லை. 1966 ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வட்டி. விலையையும் மத்திய அரசாங்கமே ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. 2024-25 பருவத்திற்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த விலை 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானத்திற்கு உரியது. கட்டுமானம் குறைந்தால் விலையும் குறையும், 9.5 விழுக்காடும் அதற்குக் கீழும் ஆனால் 315 ரூபாய் 10 காசு. இந்தக் கட்டுமானம் தனித்தனி உழவனின் கரும்புக்குப் பார்ப்பதன்று. ஆலை முழுமைக்கும் கணக்கிடுவது. ஆகவே ஆலையின் எந்திரம் பழையதாகிச் சாற்றைச் சரிவரப் பிழியாவிட்டாலும், கரும்பு வாயிலிலேயே காய்ந்துவிட்டாலும், நல்ல கரும்பு பயிரிட்டவனுக்கும் குறைந்த விலையே கிடைக்கும். எந்திரத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு ஒருவருக்கு, புதுப்பிக்காததன் நட்டம் இன்னொருவருக்கு. இதை நான் முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உலாவப் போனேன்.

கூட்டில் அரசாங்கம் போடும் முதலில் கணக்கில் ஏறாத பகுதியும் உண்டு. அதற்கு நம் கோயம்புத்தூரே சான்று. 1912 இல் அங்கு நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் என்ற ஆங்கிலேயரும் தி. சு. வெங்கட்ராமனும் நாணல் போன்ற காட்டுக் கரும்பை நாட்டில் பயிராகும் பருத்த கரும்போடு கலந்து புதிய இனங்களை உண்டாக்கினர். கோ. 205 வடநாட்டுக்கு உதவியது. பின்னர் வந்த கோ. 419 தக்காணத்திலும் தென்னாட்டிலும் நெடுங்காலம் கோலோச்சியது. இந்த ஆராய்ச்சிக்குச் செலவிட்டது பொதுப்பணம். பயன் பெற்ற ஆலைகளில் எத்தனை ஆலை அதற்கு வாடகை கொடுத்தது? ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'தனியார் திறமையால் வளர்ந்த தொழில்' என்று மேடையில் முழங்குவோர் கோயம்புத்தூரையும் கண்ணம்பாடியையும் ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

மண்டியாவில் இந்தக் கூட்டு ஊர் வாழ்வை எவ்வாறு மாற்றியது? இதற்கு நற்பேறாக ஒரு சிறந்த ஆராய்ச்சி இருக்கிறது. வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கார்லெட் எப்ஸ்டைன் என்ற அம்மையார் 1954 முதல் 1956 வரை மண்டியாவை அடுத்த இரண்டு சிற்றூர்களை ஆராய்ந்து 1962 இல் நூலாக வெளியிட்டார். ஊர்களின் உண்மைப் பெயரை மறைத்து வங்கலா, தலேனா என்று பெயரிட்டார். வங்கலாவுக்குக் கால்வாய் நீர் வந்தது. தலேனா மேட்டில் இருந்தபடியால் வரவில்லை.

எந்த ஊர் அதிகம் மாறியிருக்கும் என்று கேட்டால் நாம் அனைவரும் நீர் வந்த ஊர் என்றே சொல்வோம். அம்மையார் கண்டது நேர்மாறு. வங்கலா மக்கள் கரும்பு பயிரிட்டு ஆலைக்கு விற்றுச் செழித்தனர்; ஆனால் பழைய உழவே தொழிலாக இருந்தமையால் குடிமை முறைகளும் சாதி உறவுகளும் பழையபடியே நின்றன; சில வழக்கங்கள் பணவசதியால் மேலும் இறுகின. நீர் கிடைக்காத தலேனா மக்களோ ஆலை வேலைக்கும் வண்டித் தொழிலுக்கும் வணிகத்துக்கும் வெளியே கிளம்பினர். அயலூர்களில் நிலம் வாங்கினர். பழைய தலைவர்களின் செல்வாக்கு அங்கே தேய்ந்தது. ஆலை ஒன்றே, கால்வாய் ஒன்றே, ஆனால் ஐந்தாறு கல் இடைவெளிக்குள் அதன் விளைவு இரண்டு விதம். திட்டம் தீட்டுவோர் பயனடைவோரின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடுகின்றனர். தலேனாக்காரர்கள் அந்தக் கணக்கில் எங்கும் வரமாட்டார்கள். இந்நூலைப் பொருளாதாரம், சமூகவியல் பயில்வோர் மட்டுமின்றி எல்லோரும் படிக்க வேண்டும்.

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம்.

அங்கு நடந்த கூட்டு முயற்சிகளில் பெருந்தோல்வி தாங்கனீகா நிலக்கடலைத் திட்டம். போருக்குப் பின் இங்கிலாந்தில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் ஏற்பட்ட பஞ்சத்தைத் தீர்க்க 1947 இல் பிரித்தானிய அரசாங்கம் தொடங்கியது. யூனிலீவரைச் சேர்ந்த கம்பெனி ஒன்று தொடக்கத்தில் நிர்வாகம் பார்த்தது. முப்பது இலட்சம் ஏக்கரில் கடலை விளைவிப்பது நோக்கம். மழை போதவில்லை, களிமண் வெயிலில் செங்கல்லாக இறுகியது, டிராக்டர்கள் முறிந்தன. 1951 இல் ஏறத்தாழ 3 கோடி 60 இலட்சம் பவுனைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டனர். இதில் கற்க அதிகமில்லை. அந்த மண்ணை அறிந்த உள்ளூர் உழவரைக் கூட்டாளியாகக் கொள்ளவில்லை, அவ்வளவே.

சூடானின் கெசீராத் திட்டம் அப்படிப்பட்டதன்று. அதை மண்டியாவின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். நீல நைலும் வெள்ளை நைலும் கூடுமிடத்துக்குத் தெற்கே, 1925 இல் சென்னார் அணையைக் கட்டி, பருத்தி பயிரிட்டனர். அங்கு கூட்டு மூவருக்கும் வெளிப்படையானது. அரசாங்கம் அணையும் கால்வாயும் தந்தது. சூடான் தோட்டக் கூட்டகம் என்ற ஆங்கிலக் கம்பெனி நிர்வாகமும் பஞ்சாலையும் தந்தது. குடியானவர் உழைப்புத் தந்தனர். பருத்தி விற்ற பணத்தில் பொதுச் செலவு போக எஞ்சியதில் குடியானவர்க்கு நூற்றுக்கு 40. மீதி 60 அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும். மண்டியாவில் உழவன் கரும்பை விற்றுவிட்டு விலகிவிடுகிறான். சர்க்கரை என்ன விலைக்கு விற்றதென்பது அவனுக்குத் தொடர்பில்லாதது. கெசீராவில் அவன் இறுதி விலையிலேயே பங்காளி. இம்முறை நல்லதுதானே என்று தோன்றும்.

நல்ல ஆண்டுகளில் நல்லதே. 1930களின் தொடக்கத்தில் பருத்தி விலையும் வீழ்ந்தது, பயிருக்கு நோயும் வந்தது. அப்போது இலாபத்தில் பங்கு என்பது நட்டத்திலும் பங்கு என்று பொருள்பட்டது. கம்பெனிக்கு இலண்டனில் மூலதனம் இருந்தது. குடியானவனுக்குக் கடன் இருந்தது. பிற்பாடு நல்ல விலை கிடைத்தபோது குடியானவர் பங்கில் ஒரு பகுதியைச் சேமநிதியாகப் பிடித்து வைத்தனர். அந்நிதியைக் கேட்டு 1946 இல் அவர்கள் விதைக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். 1950 இல் கம்பெனியின் உரிமைக்காலம் முடிந்தது. அரசு வாரியம் பொறுப்பேற்றது. ஆனால் குடியானவன் என்ன பயிரிட வேண்டும் என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்யும் வழக்கம் கம்பெனி போனபின்பும் நெடுநாள் தொடர்ந்தது. முதலாளி மாறினால் எல்லாம் மாறும் என்று நம்பும் நம்மவர்கள் இதைக் கருத வேண்டும். 2023 ஏப்ரலில் மூண்ட போர் கெசீராவையும் சூறையாடியது வேறு செய்தி.

நான் மிகவும் மதிப்பது கென்யாவின் தேயிலை ஏற்பாடு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தேயிலை வெள்ளையர் தோட்டங்களுக்கே உரியதாயிருந்தது. ஆப்பிரிக்கச் சிறு உழவர்க்கு அது பரவலாகத் திறந்துவிடப்பட்டது 1954 ஆம் ஆண்டு ஸ்வின்னர்ட்டன் திட்டத்துக்குப் பின்னரே. விடுதலைக்குப் பின் 1964 இல் கென்யத் தேயிலை வளர்ச்சி ஆணையம் அமைந்தது. உலக வங்கியும் பிரித்தானியக் காமன்வெல்த் வளர்ச்சிக் கழகமும் கடன் கொடுத்தன. தேயிலையும் கரும்பைப் போன்றதே. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போக வேண்டும். எனவே உழவனின் பலவீனம் அங்கும் அதுவே. ஆனால் இரண்டு ஏற்பாடுகள் அவனைக் காத்தன. கொழுந்துக்கு மாதந்தோறும் ஒரு தொகை. ஆண்டு முடிவில் தேயிலை விற்ற விலையைப் பொறுத்து இரண்டாம் தொகை. இது ஒன்று. ஆலைகளின் பங்குகள் படிப்படியாக உழவர் கைக்கே வந்தது மற்றொன்று. 2000 இல் அரசாங்கம் விலகி, ஆலைக் கம்பெனிகளின் உடைமை சிறு உழவரிடமே சேர்ந்தது. இன்று ஏறத்தாழ 6 இலட்சம் சிறு உழவர் அதில் உள்ளனர். அங்கும் முணுமுணுப்பு இல்லாமலில்லை. இயக்குநர்கள் செழிக்கிறார்கள், நாங்கள் இல்லை என்ற குறை எழுந்து, 2020 இல் புதிய தேயிலைச் சட்டமே செய்ய நேர்ந்தது. ஆயினும் வாயிலில் நின்று சீட்டு வாங்கிப் போகும் நிலைக்கும், குறை கூறிச் சட்டத்தையே மாற்றும் நிலைக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. ஆப்பிரிக்க நிலத்தில் அண்மைக் காலத்தில் மிகப் பெரிதாகக் கால் வைத்தவர்களுள் ஒருவர் இந்த நாட்டவரே. பெங்களூரைச் சேர்ந்த கருதூரி நிறுவனம் எத்தியோப்பியாவின் கம்பெல்லாப் பகுதியில் 2010 இல் 1 இலட்சம் எக்டேர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. நன்கு நடத்தினால் 3 இலட்சம் எக்டேர் வரை தருவதாகப் பேச்சு. வாடகை எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 20 பிர். நம் பணத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. 2011 இல் பாரோ ஆற்று வெள்ளம் மக்காச்சோளத்தை மூழ்கடித்தது. 2015 இறுதியில் எத்தியோப்பிய அரசாங்கம், மிகச் சிறு பகுதியே பண்படுத்தப்பட்டது என்று கூறி ஒப்பந்தத்தை இரத்து செய்தது. அங்கு வாழ்ந்த மக்கள் அந்த ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நிலத்தை இவ்வளவு மலிவாகக் கொடுப்பதே தவறு என்பேன். மலிவாகக் கிடைத்ததை யாரும் பேணுவதில்லை.

மீண்டும் மண்டியாவுக்கு வருகிறேன். மைசூர்ச் சர்க்கரைக் கம்பெனி பல பத்தாண்டுகள் சீராக நடந்தது. 1939 இல் மண்டியா தனி மாவட்டமாயிற்று. அதற்கு ஆலையும் கால்வாயுமே உயிர்நாடி. பின்னர் எந்திரங்கள் மூப்படைந்தன. அக்கம்பக்கத்தில் தனியார் ஆலைகள் எழுந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் கண்ணம்பாடியே வறண்டது. நட்டம் ஏறி, பருவந்தோறும் ஆலை ஓடுமா ஓடாதா என்ற ஐயம் வழக்கமாயிற்று. ஆலைக்கு அனுப்பிப் பணத்துக்கு ஏங்குவதைவிட உடனே காசு கிடைக்கும் வெல்ல ஆலைமனைக்கே கரும்பைக் கொடுத்தோர் பலர். 2015 இல் சர்க்கரை விலை சரிந்து, கரும்புப் பணம் நிலுவையில் நின்ற காலத்தில், மண்டியா மாவட்டத்தில் உழவர் தற்கொலைகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. அவர்களுக்கும் 14 நாள் சட்டம் இருந்தது. நூற்றுக்கு 15 வட்டியும் இருந்தது.

2020 இல் இரண்டு ஆலைகளுக்கு இரண்டு வழிகள் பேசப்பட்டன. பாண்டவபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை 40 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் சென்றது. மண்டியா ஆலையையும் தனியார் நடத்தும்படி விடலாம் என்று அரசாங்கம் கருதியது. உழவர் சங்கங்கள் எதிர்த்துப் போராடின. இது எங்கள் பங்கும் உள்ள ஆலை, அரசாங்கமே நடத்தட்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தனியார் வந்தால் எந்திரமாவது புதுப்பிக்கப்படும், பணமாவது நாளில் கிடைக்கும் என்று எண்ணிய உழவரும் இருந்தனர். அவர்களையும் நான் குறை சொல்லேன். இறுதியில் மண்டியா ஆலை அரசாங்கத்திடமே நின்று, 2022 இல் மீண்டும் அரவை தொடங்கியது.

யார் நடத்துவது என்ற கேள்வியே இங்கு பெரிதாகப் பேசப்படுகிறது. எடைமேடைக்கருகில் உழவர் சார்பில் ஒருவர் நிற்பாரா? கட்டுமானக் கணக்கை ஆலைக்கு வெளியேயுள்ள யாராவது சரி பார்ப்பார்களா? ஆலை பழுதுற்று நின்ற நாட்களில் காய்ந்த கரும்புக்கு யார் ஈடு தருவது? வெட்டு உத்தரவு வரிசை ஆலை வாயிலில் எல்லோரும் காணும்படி எழுதப்படுமா? அரசாங்கமே நடத்தினாலும் தனியார் நடத்தினாலும் கேட்க வேண்டியவை இவையே. பாண்டவபுரத்துக் குத்தகை முடியும் ஆண்டு 2060. இன்று நம்மோடு மானசகங்கோத்திரியில் முதலாண்டு பயிலும் மாணவர் அன்று ஓய்வூதியம் வாங்கும் வயதை நெருங்கியிருப்பார். அதற்குள் அந்தப் பகுதி உழவன் ஏறத்தாழ நாற்பது முறை தன் கரும்பை வண்டியிலேற்றி வாயிலில் நிறுத்தியிருப்பான்.